டர்பனில் வேலை தேடுபவர்களுக்கு: 'நேர்காணல்' என்று கூப்பிட்டு எம்.எல்.எம்.-இல் (ஆளுக்கு ஆள் சேர்க்கும் சங்கிலி விற்பனையில்) சேர்ப்பவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

குமரன்_ஃபீனிக்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சி மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்து வேலை தேடுகிறாள். சி.வி.யை வேலைத் தளங்களில் போட்டிருக்கிறோம். அவளுக்கு வாட்ஸ்அப்பில் இங்கிலீஷில் வந்ததைத் தமிழில் தருகிறேன்:

"வாழ்த்துகள்! உங்கள் சி.வி. எங்கள் மேலாளரைக் கவர்ந்துள்ளது. உம்ஷ்லாங்கா அலுவலகத்தில் 14 இடங்கள் காலி. அனுபவம் தேவையில்லை, முழுப் பயிற்சி தரப்படும். மாதம் 8,500 முதல் 25,000 ராண்ட் வரை. நாளை காலை 9.30-க்கு நேர்காணல். ஃபார்மலாக உடுத்தி வரவும். ஐ.டி. நகலும் வங்கிக் கணக்கு விவரமும் கொண்டுவரவும். இடத்தை உறுதிசெய்ய 'யெஸ்' என்று அனுப்பவும்."

கம்பெனி பெயர் இல்லை. கேட்டால் "நேரில் விளக்குவோம்" என்கிறார்கள். எம்.எல்.எம். வாடை அடிக்கிறது, ஆனால் சும்மா சந்தேகப்பட்டு நல்ல வேலையை விட்டுவிடவும் மனசில்லை. போகாமலே தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஆளெடுப்பு_அக்கா

தம்பி, பாதி பதில் அந்தச் செய்தியிலேயே இருக்கிறது.

முதலில், பதவியின் பெயர் இல்லை. ரிசப்ஷனிஸ்ட்டா, கால் சென்டரா, கிடங்கு வேலையா என்று ஒரு வார்த்தை இல்லை. ஆளெடுப்பவர் ஒருவர் உண்மையிலேயே சி.வி.யைப் பார்த்திருந்தால் "நீங்கள் இன்ன தளத்தில் இன்ன பதவிக்கு விண்ணப்பித்தீர்கள்" என்றுதான் ஆரம்பிப்பார்.

இரண்டாவது, 8,500 முதல் 25,000. முதல் வேலைக்கான சம்பள வரம்பு இவ்வளவு அகலமாக இருக்காது. 7,000 முதல் 8,500 என்பது போல ஒட்டித்தான் இருக்கும். மேல் எண் கீழ் எண்ணைப் போல மூன்று மடங்கு இருந்தால் அது சம்பளமே இல்லை, கமிஷன். பல சமயம் அந்தக் கீழ் எண்ணுக்கும் யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

மூன்றாவது, வங்கி விவரம். சம்பளப் பிரிவுக்கு அது தேவைப்படுவது வேலைக்கான கடிதத்தில் கையெழுத்தான பிறகு. நேர்காணலுக்கு முன்னால் எதற்கு?

"நாளை காலை" என்ற அவசரமும் வேண்டுமென்றே வைப்பதுதான். இரவுக்குள் யாரிடமும் விசாரிக்க நேரம் இருக்கக்கூடாது.

ஆனால் ஒன்று. வாட்ஸ்அப்பில் வந்ததாலேயே மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். இங்கே சின்னக் கடைகள், வொர்க்ஷாப்கள், டாக்டர் கிளினிக்குகள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் ஆள் கூப்பிடுகின்றன. ஜிமெயில் முகவரியும் அப்படித்தான். அதே மாதிரி உம்ஷ்லாங்கா என்கிற வசதியான பகுதியின் விலாசத்தைப் பார்த்து நம்பவும் வேண்டாம். அங்கே மீட்டிங் அறை மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது.

தங்கச்சியை இப்படிப் பதில் அனுப்பச் சொல்லுங்கள்:

"அழைப்புக்கு நன்றி. வருவதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்: 1) பதவியின் பெயர், நிறுவனத்தின் பதிவுப் பெயர், பதிவு எண். 2) கமிஷன் இல்லாமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? 3) முதல் மாதத்திலிருந்தே யூ.ஐ.எஃப். (வேலையிழப்புக் காப்பீடு) பிடிப்பீர்களா? 4) பயிற்சிக்கோ தொடக்கப் பொருள் கிட்டுக்கோ சீருடைக்கோ நான் ஏதாவது கட்ட வேண்டுமா?"

மூன்றாவதுதான் சரியான கிடுக்கி. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும் ஊழியருக்கு முதலாளி யூ.ஐ.எஃப். பதிவு செய்தே ஆக வேண்டும். ஊழியர் பங்கு 1 சதவீதம், முதலாளி பங்கு 1 சதவீதம். வேலை கொடுப்பவருக்கு இது ஒரு வரிப் பதில். ஆள் சேர்ப்பவரோ "நீங்கள் உங்கள் சொந்தத் தொழிலின் முதலாளி" என்று ஆரம்பிப்பார். அப்போதே கதை முடிந்தது.

டோங்காட்_ராஜா

அல்லது "உங்கள் மைண்ட்செட் நெகட்டிவாக இருக்கிறது" என்று வரும். இல்லையென்றால் பிளாக்.

வெருலம்_வக்கீல்

அக்கா கேட்கச் சொன்ன நாலாவது கேள்விக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2014-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம், பிரிவு 15 சொல்கிறது. "அட்மின் ஃபீ", "வெட்டிங் ஃபீ" என்று ஏஜென்சி 150 ராண்ட் கேட்டாலும் இதே கணக்குத்தான். முதலாளியே கேட்டால் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 33ஏ பிரிவு வருகிறது: வேலை கொடுப்பதற்காகப் பணம் வாங்கக்கூடாது, தன்னிடமோ தான் காட்டுகிற ஆளிடமோ பொருள் வாங்கச் சொல்லி ஊழியரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. விதிவிலக்கு மிகக் குறுகலானது.

அதனால்தான் எம்.எல்.எம். ஆட்கள் தாளில் "வேலை" என்ற சொல்லை எங்குமே எழுதமாட்டார்கள். விளம்பரத்தில் வேலை, மேடையில் வாய்ப்பு, ஒப்பந்தத்தில் "சுயேச்சை விநியோகஸ்தர்". ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் "நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல" என்ற வரியைத் தேடுங்கள்.

பதிவு எண் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சி.ஐ.பி.சி. (கம்பெனிப் பதிவு ஆணையம்) எண் 2019/123456/07 என்கிற வடிவில் இருக்கும். முதல் நாலு இலக்கம் பதிவான ஆண்டு. கடைசி 07 என்றால் தனியார் கம்பெனி, 08 என்றால் லாப நோக்கற்றது, 23 என்றால் பழைய குளோஸ் கார்ப்பரேஷன். அந்த ஆணையத்தின் பிஸ்போர்ட்டல் தளத்தில் தேடலாம். மேடையில் "இருபது வருட அனுபவம்" என்கிறவரின் எண் 2024-இல் தொடங்கினால் காரணம் கேளுங்கள். வெளிநாட்டுக் கம்பெனியின் உள்ளூர்க் கிளை என்றால் அது நியாயமான பதிலாகவும் இருக்கலாம். ஆனால் பதிவுச் சான்றிதழ் நற்சான்றிதழ் ஆகாது. பெயர் ஒதுக்கீட்டையும் சேர்த்து 175 ராண்டுக்கு யாரும் கம்பெனி பதிவு செய்யலாம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

சட்டத்தை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும். நான் கணக்கைப் போடுகிறேன், ஏனென்றால் மேடையில் போடாத கணக்கு அதுதான். கீழே உள்ளது மாதிரிக்கு. உங்களிடம் காட்டும் திட்டத்தின் எண்களை இதில் பொருத்திப் பாருங்கள்.

சேரும்போது கிட் 1,950 ராண்ட். அதற்குப் பிறகு "ஆக்டிவ்" ஆக இருக்க மாதம் 1,200 ராண்டுக்குப் பொருள் வாங்க வேண்டும். வாங்காத மாதம் கீழே இருப்பவர்களின் கமிஷன் வராது. இந்த "ஆக்டிவ்" நிபந்தனைதான் பணம் கறக்கும் இடம். ஒரு சிலைடில் சின்ன எழுத்தில் வந்து போய்விடும்.

விற்பனை லாபம் வாங்கிய விலையில் 25 சதவீதம் என்று வையுங்கள். 1,200 ராண்ட் சரக்கு முழுவதையும் விற்றால் 1,500 வரும், லாபம் 300. டேட்டாவும் டாக்ஸியும் மாதம் 400 ஆகும். எல்லாம் விற்றும் 100 ராண்ட் நஷ்டம். கிட் காசு தனி.

இதை ஒரு சாதாரண வேலையோடு ஒப்பிடுங்கள். 2025 மார்ச்சில் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28.79 ராண்டாக வைக்கப்பட்டது; அதையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வாரம் 45 மணி நேரம் என்றால் மாதம் சுமார் 5,600. 25 சதவீத லாபத்தில் 5,600 பார்க்க வேண்டுமானால் மாதம் 22,400 ராண்டுக்குச் சரக்கெடுத்து 28,000-க்கு விற்க வேண்டும். ஒரு ஆள் 350 ராண்டுக்கு வாங்குகிறார் என்றால் 80 வாடிக்கையாளர், மாதாமாதம். சாட்ஸ்வர்த்தில் ஒரே தெருவில் அதே ஷாம்பூவை இன்னும் நாலு பேர் விற்றுக்கொண்டிருக்கும்போது இது நடக்குமா என்று நீங்களே சொல்லுங்கள்.

"விற்க வேண்டாம், ஆள் சேர்த்தால் போதும்" என்பார்கள். சரி. கீழே உள்ள ஒருவர் வாங்கும் 1,200-இல் 5 சதவீதம் உங்களுக்கு என்றால் 60 ராண்ட். 5,600-க்கு 94 பேர் வேண்டும், 94 பேரும் ஒவ்வொரு மாதமும் வாங்க வேண்டும். அதில் பத்துக்கு மூன்று பேர் மாதாமாதம் நிறுத்தினால், அந்த எண்ணைத் தக்கவைக்க மட்டும் மாதம் 28 புது ஆட்களைப் பிடிக்க வேண்டும்.

"ஐந்து பேர், அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்து பேர்" படத்தையும் பெருக்கிப் பாருங்கள். ஐந்தாம் படியில் 3,125. ஒன்பதாம் படியில் 19,53,125. பத்தாம் படியில் 97,65,625. 2022 கணக்கெடுப்பில் டர்பன் அடங்கிய ஈதெக்வினி மாநகராட்சி முழுவதற்கும் 42 லட்சம் பேர்தான், கைக்குழந்தையையும் சேர்த்து. பன்னிரண்டாம் படியில் 24 கோடி. நாட்டின் மக்கள்தொகையே 6.2 கோடி. இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை: இப்படி ஐந்தைந்தாக விரியும் மரத்தை எந்தப் படியில் நிறுத்தினாலும் மொத்த ஆட்களில் ஐந்தில் நாலு பங்கு கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. அவர்கள் சோம்பேறிகள் என்பதால் அல்ல. அந்த மரத்தின் வடிவமே அப்படி.

நேரடி_விற்பனை_நண்பர்

கொஞ்சம் நிதானம் வேண்டும் நண்பர்களே. எல்லா நேரடி விற்பனையையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். அழகு சாதனம், பாத்திரம், சத்துணவு விற்கிற பழைய நிறுவனங்கள் இந்த நாட்டில் சட்டப்படி நடக்கின்றன. நேரடி விற்பனைச் சங்கம் இருக்கிறது, அதற்கு நடத்தை விதிகள் உண்டு. உலக அளவிலான நெறிமுறைப்படி, ஒருவர் விலகும்போது கடைசி 12 மாதங்களில் வாங்கி மறுபடி விற்கக்கூடிய நிலையில் இருக்கும் சரக்கை, வாங்கிய விலையில் குறைந்தது 90 சதவீதம் கொடுத்து நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்தே மாதம் 500, 800 ராண்ட் கூடுதலாகப் பார்க்கிற பெண்கள் நிறையப் பேர். அவர்களை ஏன் அவமானப்படுத்த வேண்டும்?

வெருலம்_வக்கீல்

யாரும் அவமானப்படுத்தவில்லை. நீங்கள் சொன்ன திரும்ப வாங்கும் விதி நல்ல அளவுகோல்தான். ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து இருக்கிறதா, எத்தனை நாளுக்குள், யார் கூரியர் செலவு தருவது என்று பாருங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று இருந்தால் அந்த நிறுவனம் நீங்கள் சொல்லும் வகையைச் சேர்ந்தது இல்லை.

சட்டம் கோடு போடும் இடம் இது: 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (68-ஆம் எண்), பிரிவு 43. பங்கேற்பவருக்கு வரும் பணம் பொருள் விற்பனையிலிருந்து அல்லாமல் முதன்மையாகப் புது ஆட்களைச் சேர்ப்பதிலிருந்து வந்தால் அது பிரமிடு. பொருள் இருக்கிறதா இல்லையா என்பது கேள்வி இல்லை. 1980-களில் கூபஸ் என்று ஒன்று நடந்தது. பால் கல்ச்சரை வீட்டில் வளர்த்து உலர்த்திக் கொடுத்தால் காசு, அழகு சாதனத்துக்குப் போகிறது என்றார்கள். உலர்ந்த கல்ச்சரைப் பொடித்து, அடுத்து சேருகிறவருக்கு விதைப் பொட்டலமாக விற்றார்கள். பொருள் இருந்தது, வெளியே வாங்குகிறவன்தான் இல்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "இந்தத் திட்டத்தில் சேராத வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் விற்பனை எத்தனை சதவீதம்?" பதில் இல்லையென்றால் சேராதீர்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. அந்தப் பிரிவு, நடத்துகிறவரோடு நிற்கவில்லை. விளம்பரப்படுத்துவதும், தெரிந்தே சேருவதும், அடுத்தவரைச் சேர்ப்பதும் தடை. "நானும் ஏமாந்தவன்தானே" என்பது, பத்துப் பேரைச் சேர்த்து கமிஷன் வாங்கியவருக்குப் பலமான வாதமாக இருக்காது.

குமரன்_ஃபீனிக்ஸ்

நன்றி அண்ணா, அக்கா. அந்தக் கேள்விகளை அனுப்பினோம். பதில்: "அடிப்படைச் சம்பளம் உங்கள் திறமையைப் பொறுத்தது. இது மேனேஜ்மென்ட் டிரெய்னி புரோக்ராம். 12 மாதத்தில் கிளை மேலாளர்." கிட், பணம் எதுவும் கேட்கவில்லை. அப்போ எம்.எல்.எம். இல்லையா?

ஆளெடுப்பு_அக்கா

இது அதன் சித்தப்பா பிள்ளை. கிட் இருக்காது, கட்டணம் இருக்காது. ஷாப்பிங் மால் வாசலில் மேஜை போட்டோ, வீடு வீடாகப் போயோ நன்கொடை, இன்ஷூரன்ஸ், ஃபைபர் லைன் விற்கச் சொல்வார்கள். விற்றால் மட்டும் காசு. "மேலாளர்" ஆவது எப்படி என்றால், தனக்குக் கீழே இத்தனை பேரைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்துத் தக்கவைத்தால். அதனால்தான் 14 இடங்கள் எப்போதும் காலியாகவே இருக்கும். அந்த விளம்பரத்தின் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். அதே வாக்கியம் வேறு கம்பெனிப் பெயரில், பைன்டவுனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் கிடைக்கலாம்.

அடையாளம்: முதல் நாள் பத்து நிமிடப் பேச்சு, "செலக்ட் ஆகிவிட்டீர்கள்", இரண்டாவது நாள் "அப்சர்வேஷன் டே" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருவரோடு தெருவில் நடக்க வைப்பது. அந்த நாளுக்குக் கூலி உண்டா என்று முந்தின நாளே எழுத்தில் கேளுங்கள்.

வெருலம்_வக்கீல்

இந்த வகையில் சட்டம் தொழிலாளி பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. தாளில் "சுயேச்சை ஒப்பந்தக்காரர்" என்று கையெழுத்து வாங்கிவிட்டால் ஆயிற்று என்று நினைக்கிறார்கள். தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 200ஏ பிரிவில் ஏழு அடையாளங்கள் இருக்கின்றன. எப்படி வேலை செய்ய வேண்டும் என்று அவர்கள் கட்டளையிடுகிறார்களா, நேரத்தை அவர்கள் வைக்கிறார்களா, கடைசி மூன்று மாதத்தில் சராசரியாக மாதம் 40 மணி நேரமாவது அவர்களுக்காக உழைத்தீர்களா, வருமானத்துக்கு அவர்களையே நம்பியிருக்கிறீர்களா, அவர்களுக்கு மட்டும்தான் வேலை செய்கிறீர்களா, இப்படி. ஏழில் ஒன்று பொருந்தினாலும் நீங்கள் ஊழியர் என்றே கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பாடு. ஆண்டு வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் அது 261,748.45 ராண்டாக வைக்கப்பட்டது.

காலை 7.30 மீட்டிங்குக்கு வராவிட்டால் அபராதம் என்கிறவர், உங்களைச் சுயேச்சையானவர் என்று எந்த வாயால் சொல்வார்? மீட்டிங் நேரம் வந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். சி.சி.எம்.ஏ.வுக்கு (தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையம்) போக எல்.ஆர்.ஏ. 7.11 படிவம், கட்டணம் இல்லை. நியாயமற்ற பணிநீக்கம் என்றால் 30 நாளுக்குள் போட வேண்டும்.

மெர்பேங்க்_அம்மா

மகனே, எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் கோயில் பெண்கள் குரூப்பில் ஒரு "ஸ்டோக்வெல்" ஓடுது. 200 ராண்ட் போட்டால் 1,600 வருமாம். எட்டுப் பேர் சேர்ந்ததும் மேலே உள்ளவருக்குப் போகும், பிறகு ரெண்டாகப் பிரியும். வேலை இல்லாத பிள்ளைகளுக்கு உதவின்னு சொல்றாங்க. இதுவும் அதுதானா?

கணக்குப்பிள்ளை

அதேதான் அம்மா, பொருள் என்கிற போர்வைகூட இல்லாமல். ஒருவர் 1,600 எடுக்க எட்டுப் பேர் 200 போட வேண்டும். அந்த எட்டுப் பேரும் எடுக்க 64 பேர். பிறகு 512, பிறகு 4,096. எந்த நாளில் நின்றாலும் பணம் போட்டவர்களில் எட்டில் ஏழு பங்குக்குக் கை வெறுமை.

உண்மையான ஸ்டோக்வெல் நம் ஊர் சீட்டு மாதிரி. பத்துப் பேர், மாதம் 200, ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 2,000. பத்தாவது மாதம் எல்லோரும் போட்டதும் எடுத்ததும் ஒன்றே. புது ஆள் ஒருவர்கூட வராவிட்டாலும் முறையாக முடியும். போட்டதைவிட அதிகம் வரும் என்றால் அது சீட்டு இல்லை.

வெருலம்_வக்கீல்

சேர்த்துக்கொள்ளுங்கள்: ஸ்டோக்வெல்லுக்கு வங்கிகள் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் உறுப்பினர்களுக்குள் பொதுவான ஒரு பிணைப்பு இருக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் லிங்க் வழியாக வந்து சேரும் குரூப்புக்கு அந்தப் பெயர் பொருந்தாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 43 பெருக்குத் திட்டங்களையும் பிடிக்கிறது: ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தைவிட 20 சதவீதமோ அதற்கு மேலோ ஆண்டு வட்டி தருவதாகச் சொன்னாலே போதும். ரெப்போ 7 என்றால் 27-இல் மணி அடிக்கும். 2016-இல் இங்கே சுற்றிய எம்.எம்.எம். என்ற திட்டம் சொன்னது மாதம் 30 சதவீதம். வட்டிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் வருடத்துக்கு 23 மடங்கு.

டோங்காட்_ராஜா

"டிரேடிங் அகாடமி"காரர்களை விட்டுவிட்டீர்களே. டேட்டா என்ட்ரி வேலை என்று கூப்பிட்டு, ஃபாரெக்ஸ் கற்றுக்கொள் என்று மாதச் சந்தா, மூன்று பேரைச் சேர்த்தால் சந்தா இலவசம்.

கணக்குப்பிள்ளை

ஆமாம், இப்போது இளைஞர்களை அதிகம் இழுப்பது அதுதான். பணம் முதலீடு செய்வதைப் பற்றி ஆலோசனை சொல்கிறவருக்கு எஃப்.எஸ்.சி.ஏ. (நிதித்துறை நடத்தைக் கண்காணிப்பு ஆணையம்) உரிமம் வேண்டும். எண் கொடுத்தால் அவர்கள் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருக்கிறதா என்பது மட்டும் போதாது. அந்த எண் அதே பெயரில் இருக்கிறதா, எந்தச் சேவைக்கு, உங்களோடு பேசும் ஆள் பிரதிநிதியாகப் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். அடுத்தவர் எண்ணைத் திருடிப் போடுவது சகஜம்.

ஸ்டெல்லன்பாஷில் இருந்து நடந்த மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் ஒரு பாடம். பிட்காயின் போட்டால் ஒரு கணினி நிரலே ("போட்") டிரேடிங் செய்யும், ஆள் சேர்த்தால் போனஸ். 2020 ஆகஸ்டில் எஃப்.எஸ்.சி.ஏ. எச்சரித்தது, அதற்குப் பிறகும் ஆள் சேர்ப்பது நிற்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் கலைப்பு நடவடிக்கை தொடங்கிவிட்டது. அமெரிக்க வழக்கில் வந்த எண்ணிக்கை 29,421 பிட்காயின். 2023-இல் மேற்கு கேப் உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதத் திட்டம் என்று அறிவித்தது. கலைப்பாளர்கள் லாபம் எடுத்தவர்களிடமும் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். "ஆரம்பத்தில் சேர்ந்தால் தப்பிக்கலாம்" என்கிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

சமோசா_சாமி

ஒரு கேள்வி. என் தம்பிக்கு எஸ்.ஆர்.டி. (வேலையில்லாதவர்களுக்கான அரசு உதவித்தொகை) 370 ராண்ட் வருகிறது. சேர்ந்தால் அது போய்விடுமா?

ஆளெடுப்பு_அக்கா

போக வாய்ப்பு அதிகம், அதுவும் சம்பாதிக்காமலே. அந்த உதவித்தொகையைக் கொடுக்கும் சாசா மாதாமாதம் வங்கி வரவைப் பார்க்கிறது. வரம்பு 624 ராண்ட். கீழே சேருகிறவர்களின் கிட் காசை "உன் கணக்கில் வாங்கி மேலே அனுப்பு" என்பார்கள். ஒருவருடைய 1,950 கணக்கில் நுழைந்து அதே நாளில் வெளியே போனாலும், அந்த மாதம் அது வருமானமாகத் தெரியும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஏமாந்தவர் புகார் கொடுத்தால் போலீஸ் தேடுவது பணம் முதலில் நுழைந்த கணக்கை. வங்கி கணக்கை முடக்கும். அடுத்தவர் பணம் நம் கணக்கு வழியாகப் போக எக்காரணத்துக்கும் விடக்கூடாது. போன் வழியே பணம் அனுப்பும் ஈவாலட், கேஷ் சென்ட் எல்லாம் இதில் அடக்கம்.

வரியும் இருக்கிறது. கமிஷன் ஏஜென்டாக உண்மையிலேயே சம்பாதித்தால் சார்ஸுக்கு (வருவாய்த் துறை) இடைக்கால வரி கட்டுபவராக, ஐ.ஆர்.பி.6 படிவம் வருடத்துக்கு இருமுறை போட வேண்டி வரலாம். மேடையில் இதைச் சொன்னவரை யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

இசிபிங்கோ_99

ஏற்கெனவே பணம் கட்டியாச்சு என்றால்? அக்காள் மகள் வெள்ளிக்கிழமை 1,950 கட்டிவிட்டாள். பெட்டி இன்னும் பிரிக்கவில்லை.

வெருலம்_வக்கீல்

பிரிக்காதது நல்லது, அப்படியே இருக்கட்டும். நேரடியாக அணுகி விற்றதென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 16: ஒப்பந்தமானதிலிருந்தோ பொருள் கைக்கு வந்ததிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து 5 வேலைநாளுக்குள் ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டாம், அபராதம் கிடையாது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை சேராது. வெள்ளிக்கிழமையே பெட்டியும் வந்திருந்தால் அடுத்த வெள்ளி வரை நேரம்.

எழுத்தில் போக வேண்டும். சேர்த்துவிட்ட ஆளுக்கு வாட்ஸ்அப் போட்டால் போதாது. கம்பெனியின் மின்னஞ்சலுக்கு அனுப்பி, அவருக்கு நகல் வையுங்கள். வாசகம்: "இன்ன தேதியில் செய்த ஒப்பந்தத்தை, எண் இன்னது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 16-இன்படி ரத்து செய்கிறேன். பெட்டி பிரிக்கப்படவில்லை, திருப்பி அனுப்பத் தயார். கட்டிய 1,950 ராண்டை 15 வேலைநாளுக்குள் இந்தக் கணக்கில் செலுத்தவும்." பெட்டியின் சீல் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் படம் எடுத்து இணையுங்கள். திருப்பி அனுப்பும் செலவு அவள் பொறுப்பு. அவளுக்கு மேலே இருப்பவர் "கொஞ்சம் பொறு, வருகிற புதன் விட்டு அடுத்த புதன் மீட்டிங்குக்கு வா, பேசிக்கொள்ளலாம்" என்பார். அந்தப் புதன்கிழமைக்குள் ஐந்து நாள் ஓடிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

மாதாந்திர வாங்கலுக்கு டெபிட் ஆர்டர் கையெழுத்துப் போட்டாளா? டெபிசெக் ஒப்புதல் (டெபிட் ஆர்டருக்குச் சம்மதமா என்று வங்கி கேட்பது) போனுக்கு வந்தால் மறுக்கச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டுவிட்டால் பின்னால் வங்கியில் எதிர்ப்பது கடினம்.

பணம் தராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கோ மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கோ எழுதுங்கள். வழக்கு தேசிய நுகர்வோர் தீர்ப்பாயம் வரை போனால் அபராதம் ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதம் அல்லது 10 லட்சம் ராண்ட், எது பெரியதோ அதுவரை போகலாம்.

மெர்பேங்க்_அம்மா

சட்டமெல்லாம் சரி. கூப்பிடுறவர் சொந்த மாமாவா இருந்தா என்ன செய்றது? கல்யாண வீட்டில், கூழ் ஊத்துற இடத்தில் எல்லாம் இதே பேச்சு. முகத்தை முறிக்க முடியுமா?

ஆளெடுப்பு_அக்கா

அம்மா, அதை நம்பித்தான் திட்டமே ஓடுகிறது. முதல் வாரப் "பயிற்சி"யே நூறு சொந்தக்காரர் பெயரை எழுதும் பட்டியல்தான். அந்தத் தாளை யாராவது நீட்டினால் எழுதாதீர்கள்; எழுதிய பெயர்களுக்கு அன்றைக்கே போன் போகும்.

மாமாவோடு பொருளைப் பற்றி வாதம் வேண்டாம். "நல்லா இருக்குமா இருக்காதா" என்று பேச ஆரம்பித்தால் அவருக்கு மேலே இருப்பவர் ஒருவர் காரில் வந்து இறங்குவார். "மாமா, சோப்பு ஒன்று கொடுங்க, காசு தர்றேன். சேர மாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையில் விற்பனைதான் தொழில் என்றால் அவருக்கு அது சந்தோஷமான பதில். முகம் சுருங்கினால் விஷயம் புரிந்துவிடும். மறுபடி கேட்டால், "போன வருஷம் போட்டதும் எடுத்ததும் எழுதி வச்சிருக்கீங்களா மாமா? ரெண்டு பேரும் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்." பெரும்பாலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

நேரடி_விற்பனை_நண்பர்

இந்தச் சோப்பு சோதனையை நான் ஒத்துக்கொள்கிறேன். நல்ல விற்பனையாளர் சோப்பைக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் மறுபடி வருவார்.

குமரன்_ஃபீனிக்ஸ்

தங்கச்சி போகவில்லை. ஆனால் கேள்விகளை அனுப்புவதற்கு முன்பே ஐ.டி. நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாளாம். இப்போது என்ன செய்வது?

வெருலம்_வக்கீல்

முதலில், தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அழிக்கச் சொல்லலாம். அதற்குப் படிவம் 2. கம்பெனிப் பெயரே தெரியாத இடத்தில் அதனால் பெரிய பயன் இருக்காது, ஆனாலும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் உதவுவது எஸ்.ஏ.எஃப்.பி.எஸ். என்கிற மோசடித் தடுப்பு அமைப்பில் பாதுகாப்புப் பதிவு. இலவசம். அவள் பெயரில் யாராவது கடனோ கணக்கோ திறக்கப் போனால், கூடுதலாகச் சரிபார்க்கும்படி உறுப்பு நிறுவனங்களுக்குக் குறிப்பு போகும். கிரெடிட் அறிக்கை வருடத்துக்கு ஒன்று ஒவ்வொரு கிரெடிட் பீரோவிலும் (கடன் விவரம் வைத்திருக்கும் நிறுவனம்) இலவசம். இன்றைக்கு எடுக்க வேண்டாம், இரண்டு மாதம் கழித்து எடுங்கள், ஏதாவது நடந்திருந்தால் அதற்குள் அறிக்கையில் ஏறியிருக்கும். அவள் பெயரில் தெரியாத கணக்கு இருந்தால் போலீஸில் வழக்கு எண் வாங்கிப் பிறகு பீரோவில் எதிர்ப்புத் தெரிவியுங்கள்.

இனி ஐ.டி. நகல் அனுப்பும்போது அதன் குறுக்கே "இன்ன நிறுவனத்தில் இன்ன வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று தேதியோடு பேனாவால் எழுதி, பிறகு படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஆளெடுப்பு_அக்கா

தேடலை நிறுத்த வேண்டாம். எஸ்.ஏ. யூத் தளத்திலும் தொழிலாளர் துறையின் எஸ்ஸா தளத்திலும் பதிவு இலவசம். லேர்னர்ஷிப் (வேலையோடு சேர்ந்த பயிற்சி) என்று வந்தால் எந்த செட்டாவில் (துறைவாரிப் பயிற்சி ஆணையம்) பதிவு, ஸ்டைபென்ட் (உதவித்தொகை) எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள். லேர்னர்ஷிப்பில் பணம் பிள்ளைக்கு வரும், பிள்ளையிடமிருந்து போகாது. பொது வேலைத் தளங்களில் சி.வி. ஏற்றும்போது ஐ.டி. எண்ணையும் வீட்டு விலாசத்தையும் எடுத்துவிட்டு, "ஃபீனிக்ஸ், டர்பன்" என்று மட்டும் விடுங்கள். இந்த மாதிரிச் செய்திகள் உடனே நிற்காது, ஆனால் அவர்கள் கையில் இருப்பது பெயரும் போன் எண்ணும் மட்டுமாக இருக்கும்.